படிவத்தின் இரண்டாம் பகுதி

அக்டோபர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சிறை ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைத் தடவுகிறீர்களா, இல்லை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்களா? உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். பரிசோதனைக்கூடத்தில் மூன்றாவது மெமோ கொடுத்துவிட்டார்கள். ரத்த மாதிரி இருந்த இரண்டு சோதனைக் குழாய்களின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். பக்கத்து மேசைக்காரி பார்த்ததால் தப்பியது. "இல்லன்னா ஒரு தாத்தாவுக்கு மூணு மாசக் கர்ப்பம்னு ரிசல்ட் போயிருக்கும்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போன வருடம் நான்கு பேர் ஒட்டிய சீட்டுகளை இப்போது இரண்டு பேர் ஒட்டுகிறோம். அதை மெமோவில் எழுதமாட்டார்கள்.

அவள்தான் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். "இது சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. ஏ.டி.எச்.டி.யா இருக்கலாம். கவனத்தை ஒரு இடத்துல பிடிச்சு வைக்கிறதுல மூளைக்கு இருக்கிற சிரமம். ஆனா இருபத்தாறு வயசுல திடீர்னு வராது. பன்னிரண்டு வயசுக்கு முன்னாடியே அடையாளம் இருந்திருக்கணும். பெரும்பாலும் குடும்பத்துல இன்னொருத்தருக்கும் இருக்கும். உன்னைச் சின்னதுல பார்த்தவங்க யாரு?" என்றார்.

அம்மா இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

படிவத்தை இணைத்திருக்கிறேன். முதல் பகுதி என் சின்ன வயதைப் பற்றியது. இரண்டாம் பகுதி உங்களையும் உங்கள் பக்கத்து உறவுகளையும் பற்றியது. ஏப்ரல் பதினைந்துக்குள் டாக்டர் சான்றிதழ் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். நேரில் வரலாம் என்றால் லீவு கேட்டாலே நான்காவது மெமோ வரும்.

உங்கள்
காத்தாடி

பி.கு. போன கடிதத்தில் தபால்தலை ஒட்ட மறந்ததற்கு மன்னிக்கவும்.


அக்டோபர் 21

என் அருமைக் காத்தாடிக்கு,

அப்பா நன்றாக இருக்கிறேன். முழங்கால் என்னைவிட நன்றாக இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே என்னைக் கோப்பு அட்டை செய்யும் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். அட்டைக்கு நான்கு துளை. துளைக்குள் நாடா. இந்த அட்டைகள் எல்லாம் கோர்ட்டுக்குப் போகிறதாம். என் கோப்பும் இப்படி எவனோ ஒருவன் துளை போட்ட அட்டையில்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அடித்ததில் நேற்று ஒரு அட்டையில் ஐந்து துளை விழுந்துவிட்டது. மேஸ்திரி, "ஏன்யா, இது கோப்பா, புல்லாங்குழலா?" என்றார். கூடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் மதியம் ஒரு பூனை வந்து உட்காரும். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

படிவம் வந்தது. தலையணை உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. உனக்கு எதற்கு அதெல்லாம்? நீ நன்றாகப் படித்த பிள்ளை.

நீ நலமாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

அப்பா


நவம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டு இடத்தை வீணாக்கவில்லை. ஒரு கடிதத்துக்கு ஒரு தாள்தானே சிறைக் கணக்கு.

தலையணைக்குள் இருந்து என்ன செய்யும் படிவம்? முட்டையா பொரிக்கும்? பூனை கதை வேண்டாம், பதில் வேண்டும். மேற்பார்வையாளர் என் நாற்காலியைத் தன் கண்ணாடி அறைக்கு எதிராகப் போட்டுவிட்டார். கொட்டாவி விட்டால்கூடக் குறித்துக்கொள்கிறார்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


நவம்பர் 25

அன்புள்ள காத்தாடிக்கு,

அப்பா நலம். கோபத்தைக் குறை, தலைவலி வரும் உனக்கு.

முதல் பகுதியை நிரப்பிவிட்டேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். ஐந்து வயதில் தீப்பெட்டி வாங்கி வா என்று அம்மா அனுப்பினாள். நாய்க்குட்டியோடு வந்தாய், தீப்பெட்டி இல்லை, செருப்பும் ஒன்று இல்லை. ஏழு வயதில் கணக்குப் பரீட்சையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு மிச்ச இடத்தில் டீச்சரை வரைந்தாய். மூக்கு சரியாகவே வந்திருந்தது. அந்த டீச்சர்தான் உன் காலை பெஞ்சோடு துப்பட்டாவால் கட்டிவைத்தவள். நான் போய்ச் சத்தம் போட்டேன். "அடங்காத பிள்ளையப் பெத்துட்டு எங்ககிட்ட எதுக்கு கத்துறீங்க?" என்றாள். அன்றைக்குக் கட்டை அவிழ்த்தபோது உன் கணுக்காலில்...

அதை விடு. எழுதியிருக்கிறேன், படிவத்தில் பார்.

இரண்டாம் பகுதி தேவைப்படாது. உன்னைப் பற்றித்தானே சான்றிதழ்? வெறுமையாக விட்டிருக்கிறேன்.

மழையில் நனையாதே.

அப்பா


டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நனையவில்லை. நீங்கள் இருக்கும் அறையில் ஒழுகுகிறதா?

டாக்டரம்மா படிவத்தைப் படித்தார். கூடவே உங்கள் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படித்தார். சிரித்துவிட்டார். "உங்கப்பா ஆறு விஷயத்தை ஆரம்பிச்சு ரெண்டை முடிச்சிருக்கார். நீ பேசும்போதும் இதே கதைதான்" என்றார். ஆனால் கடிதத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாதாம். தூக்கம், தைராய்டு, கவலை என்று இதே மாதிரி தெரியும் வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டுமாம். குடும்பத்தில் இருந்தால் தராசு ஒரு பக்கம் சாயும். இரண்டாம் பகுதி வேண்டும்.

அதை ஏன் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏழு வருடமாக நாம் இரண்டு பேரும் எழுதாமல் இருப்பதை நானே எழுதிவிடுகிறேன்.

தையல் கம்பெனியில் தீப்பிடித்தபோது பின்கதவு பூட்டியிருந்தது. பெண்கள் வேலை நடுவில் எழுந்து போகக் கூடாது என்று பூட்டச் சொன்னவர் மேனேஜர். சாவி காவலாளியான உங்களிடம் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஐந்து அக்காக்கள் உள்ளேயே கருகிப் போனார்கள். பூட்டச் சொன்னவர் வெளியே இருக்கிறார், நீங்கள் உள்ளே.

நான் சாட்சி சொன்னேன். பத்தொன்பது வயது எனக்கு. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை, பிறவியிலேயே மறதிக்காரர் என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். கம்பெனி வக்கீல் எவ்வளவு அன்பாகக் கேட்டார்! "வீட்ல சாவி தொலைப்பாராம்மா?" "மாசத்துக்கு ரெண்டு தடவையாவது சார். கம்பெனியில அவரை 'எங்கவெச்சேன் அண்ணன்'னுதான் கூப்பிடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து நான் இன்னும் இரண்டு கதை சொன்னேன். தீர்ப்பின் பதினோராம் பக்கத்தில் என் வாக்கியம் அப்படியே இருக்கிறது.

இப்போது மறுபடியும் அதே கேள்வியோடு வந்து நிற்கிறேன். கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். வெறும் கட்டங்களை அனுப்பாதீர்கள்.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். "இவ்வளவு மறதி இருக்கிறவர் ஒரே காவல் வேலையில பத்தொன்பது வருஷம் எப்படி நின்னார்? ஏதாவது ஒரு வேலி போட்டுக்கிட்டிருப்பார். அது என்னன்னு கேளு." என்ன வேலி அப்பா?

உங்கள் மகள்


ஜனவரி 2

கண்ணு,

அறை ஒழுகவில்லை. புது வருடம் உனக்கு நன்றாக இருக்கட்டும்.

உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. நீ சொன்னது அத்தனையும் நிஜம். இன்னொரு தடவை உன் கையாலேயே அதை எழுதவைக்க வேண்டாம் என்றுதான் விட்டேன். இப்போது நிரப்பி அனுப்பியிருக்கிறேன். உன் தாத்தா ஏழு ஊரில் பதினொரு வேலை பார்த்தார். சின்ன வயதில் அவரைக் கட்டில் காலில் கட்டிவைப்பார்களாம். என்னைப் பள்ளிக்கூடத் தூணில் கட்டினார்கள். உன்னை பெஞ்சில். நம் வம்சத்தில் எல்லோரையும் யாராவது ஒருவர் கட்டியிருக்கிறார்கள். நான் ஒருவன்தான் என்னை நானே கட்டிக்கொண்டேன். அதுதான் டாக்டரம்மா கேட்ட வேலி.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரே வாரத்தில் மூன்று தடவை சாவியைத் தொலைத்தேன். சீட்டைக் கிழிக்கப் பார்த்தார்கள். அன்றைக்கே மெக்கானிக் அண்ணனிடம் ஒரு இரும்பு வளையம் வாங்கி, கேட், கிடங்கு, ஆபீஸ், பின்கதவு என்று நான்கு சாவியையும் கோத்து, வளையத்தின் வாயை இடுக்கியால் நசுக்கி மூடச் சொன்னேன். "டேய், அப்புறம் கழட்டவே முடியாதுடா" என்றார். "அதுக்குத்தாண்ணே" என்றேன். வளையத்தில் நைலான் கயிறு, கயிற்றின் மறுமுனை பெல்ட்டில். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் தொட்டுப் பார்ப்பேன். தையல் பெண்கள், "மாடும் அண்ணன்தான், முளைக்குச்சியும் அண்ணன்தான்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். வீட்டில் தொலைத்தேன், வேலையில் பதினேழு வருடம் ஒரு சாவியும் தொலையவில்லை.

அந்தப் பூனை குட்டி போட்டிருக்கிறது.

அப்பா


ஜனவரி 12

அப்பா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. நேராகக் கேட்கிறேன்.

பதினேழு வருடம் தொலையவில்லை என்றால் அன்றைக்கு மட்டும் எப்படித் தொலைந்தது? வாயை நசுக்கி மூடிய வளையத்திலிருந்து ஒரு சாவி தானாக விழாது. தொலைந்தால் கொத்தோடு தொலைய வேண்டும். கொத்து தொலைந்தால் பெல்ட்டோடு தொலைய வேண்டும். உங்களை வண்டியில் ஏற்றும்போது நான் பார்த்தேன். பெல்ட் இடுப்பில் இருந்தது, கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்து நடந்ததை, படிவம் நிரப்பிய மாதிரி, ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அந்தக் கொத்து உங்கள் இடுப்பைவிட்டு இறங்கியதா? யார் கேட்டார்கள்?

கா.


பிப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? கூடத்தில் ஏதாவது பிரச்சினையா? நான் கேட்டது தப்பு என்றால் அதையாவது எழுதுங்கள். தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். அதன் சாவியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன்.

கடிதம் படிக்கும் ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அப்பா நன்றாக இருக்கிறாரா?

மகள்


மார்ச் 5

என் கண்ணே,

அப்பா உயிரோடு, நன்றாக இருக்கிறேன். நீ பயந்திருப்பாய். என் தப்பு.

கடிதம் படிக்கும் ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். உன் இரண்டு கடிதமும் மேசையில் இருந்தன. "இருபது வருஷமா அடுத்தவங்க கடிதத்தைப் படிக்கிறேன். பதில் என்னன்னு காத்துக்கிட்டிருக்கிறது இதான் முதல் தடவை. ஏன்யா எழுதல?" என்றார். "பயமா இருக்குங்கய்யா" என்றேன். அவர் எழுந்து, கைதிகளின் சாமான்களை வாங்கி வைக்கும் அறைக்கு என்னை அழைத்துப் போனார். ஏழு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை எடுத்தார். பெல்ட் ஒன்று. நைலான் கயிறு ஒன்று. இரும்பு வளையம் ஒன்று. சாவி மூன்று.

மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். எரிந்துபோன கட்டடத்தின் சாவி யாருக்கு வேண்டும்? போலீஸ் என் சாமானோடு சேர்த்து அனுப்பியிருக்கிறது, அதை ஒருவரும் எண்ணவில்லை. வளையத்தின் வாய் ஒரு நகம் அகலத்துக்குத் திறந்திருக்கிறது. விளிம்பில் இடுக்கியின் பல் பதிந்திருக்கிறது. பின்கதவுச் சாவி அதில் இல்லை.

அன்றைக்குக் காலையில் மேனேஜர், "கொத்தைக் குடுய்யா, துணி வாங்குறவங்க வந்திருக்காங்க, பின்கதவைத் திறந்து காட்டணும்" என்றார். கயிற்றோடு கழற்றிக் கொடுத்தேன். அரை மணியில் திரும்பி வந்தது. கட்டிக்கொண்டேன். கனம் இருந்தது. எண்ணவில்லை. வெக்கை தாங்காமல் அந்தப் பெண்கள் கேட்டால் டீ நேரத்தில் ஐந்து நிமிடம் பின்கதவைத் திறந்துவிடுவேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தீப்பிடித்ததும் ஓடிப் போய் மூன்று சாவியையும் மாற்றி மாற்றிப் போட்டேன். எது அந்தச் சாவி என்று எனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். உள்ளேயிருந்து, "அண்ணா, எங்க வெச்சீங்கண்ணா?" என்று கேட்டார்கள். ஸ்டேஷனில் மேனேஜரும் அதையேதான் கேட்டார். "தெரியல சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எது காணாமல் போனாலும் நான்தான் தொலைத்திருப்பேன் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். எனக்கே சந்தேகம் வரவில்லை.

ஏப்ரல் பதினெட்டு எனக்குத் தண்டனைக் குறைப்புக் குழு. குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் சொன்னால் மிச்சம் மூன்று வருடத்தைக் கழித்து அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் பயம்.

அப்பா


மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்து, நடந்து, மறுபடி படித்து, பஸ்ஸை விட்டுவிட்டேன். இப்போது தூங்குகிறீர்களா? சாப்பாடு இறங்குகிறதா?

எனக்கு ஏ.டி.எச்.டி.தான் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். மாத்திரை போட்ட இரண்டாம் நாள் டீயைச் சூடாகவே குடித்து முடித்தேன் அப்பா. இருபத்தாறு வயதில் முதல் தடவை. வேலை போகவில்லை. ஆளைக் கூட்டாமல் எனக்குத் தனி மேசை கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் போன வியாழன் ஒரு குழாய் காணோம். கூடத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. மேற்பார்வையாளர் என் இழுப்பறையைத் திறந்து பார்த்தார், பையைக் கொட்டிப் பார்த்தார். மதியம் அது, மாதிரிகளைக் கொண்டுவரும் வண்டிக்காரரின் பெட்டியிலேயே கிடைத்தது. "உனக்குத்தான் அது இருக்கே, அதனால நெனச்சிட்டோம்" என்றார். அவ்வளவுதான். அப்போது உங்களைப் புரிந்தது. இந்தப் பெயரோடுதான் இனி நான் முப்பது வருடம் வேலை பார்க்க வேண்டும்.

வக்கீலைப் பார்த்தேன். வழக்கைத் திறக்க நான்கு வருடமாவது ஆகும், மேனேஜர் சும்மா இருக்கமாட்டார், குழு முன்னால் மறுத்தால் குறைப்பு கிடைக்காது என்கிறார்.

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அப்பா. நான்தான் தொலைத்தேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வந்து வீட்டுச் சாவியை வாரத்துக்கு நான்கு தடவை தொலையுங்கள், தேடித் தருகிறேன். நான் சொன்ன சாட்சியால் உள்ளே போனவர், நான் கேட்ட கேள்வியால் உள்ளேயே இருக்க வேண்டாம்.

காத்தாடி


ஏப்ரல் 22

என் அருமைக் காத்தாடிக்கு,

தூக்கம் வருகிறது. சாப்பாடு இறங்குகிறது. டீயைச் சூடாகக் குடித்தாய் என்று படித்த அன்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பதினெட்டாம் தேதி குழு உட்கார்ந்தது. நாற்காலியில் மூன்று பேர். நான் நின்றேன். ஆமாம் சொல்லத்தான் போனேன், உன்மேல் சத்தியம். நடுவில் இருந்தவர் கோப்பைத் திறந்தார். நான் துளை போட்ட அட்டை மாதிரியே இருந்தது. "ஞாபக மறதி உள்ள ஆள்னு உன் பொண்ணே சொல்லியிருக்கு. சாவியைத் தொலைச்சது நீதானே?" என்றார்.

உன் பையைக் கொட்டிப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்துவிட்டது.

"வீட்டுச் சாவி நிறையத் தொலைச்சிருக்கேங்கய்யா. என் பொண்ணு சொன்னது உண்மை. அந்தச் சாவிய நான் தொலைக்கல" என்றேன்.

"அப்ப வருத்தம் இல்ல?"

"அஞ்சு பேருக்கும் தினம் வருத்தப்படுறேங்கய்யா. எண்ணி வாங்காததுக்கும் வருத்தப்படுறேன்."

அவர் கோப்பை மூடி நாடாவைக் கட்டினார். "அடுத்த ஆள்" என்றார். நான்கு துளை போடும் நேரம்கூட ஆகவில்லை.

இன்னும் மூன்று வருடம். நீ அழாதே. வேலையை விடாதே, லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. வக்கீலிடம் போ. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் கடிதம் படிக்கும் ஐயா. இதற்காக அவரை எங்கே மாற்றப்போகிறார்களோ தெரியவில்லை. மாற்றினால் புதிதாக வருபவருக்கும் வணக்கம் எழுது.

குழாய்ப் பெட்டியை யார் கொடுத்தாலும் அவர் முன்னாலேயே வாய்விட்டு எண்ணு. சிரித்தால் சிரிக்கட்டும். தொட்டுப் பார்த்தால் போதாது.

இந்த உறையில் கடிதம் ஒன்று, நகல் ஒன்று, ஆக இரண்டு தாள். எண்ணி வாங்கிக்கொள்.

அப்பா